காலி வண்டிக்குப் பலகை வேண்டாம்

கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகும் கூட்டத்தைத் தள்ளிவைக்காமல், ஒரு கையில் கோப்பையும் மறு கையில் செருப்பையும் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடந்து வந்து, இந்த மேடையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் நகர மன்ற நிலப் பயன்பாட்டுக் குழுத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் உறுப்பினர் பெருமக்களே! இடப்புறம் அமர்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பினர் பெருமக்களே! வயதில் மூத்து, வாக்கில் முதிர்ந்து, முன்வரிசையில் குளிருக்கு அடக்கமாகப் போர்த்தி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பந்தலுக்குள் நாற்காலி காலியாக இருந்தும் உள்ளே வரத் தயங்கி, வேலியோரம் கைகட்டி நிற்கும் ஓட்டுநர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும், எதிர்வரிசை மஞ்சள் கதவுத் தையல்கடைக்காரியின் வணக்கம்.

தலைவர் அவர்கள் மேடையேறி அமர்ந்ததும் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். மேடையின் இடக்கால் மண்ணுக்குள் இறங்கியது. மேடை சாய்ந்தது. மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளை உருண்டது. வாசல் காவலாளி ஓடோடி வந்து எங்கிருந்தோ ஒரு பலகையை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் செருகினார். மேடை நின்றது. நீங்கள் சிரித்தீர்கள். தலைவரும் பெருந்தன்மையோடு சிரித்தார். சிரிக்க வேண்டிய காட்சிதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறேன்.

என்னை இங்கே பலருக்குத் தெரியும். இந்தப் பந்தலில் இருக்கும் பாதிப் பேரின் மார்பளவும் இடுப்பளவும் எனக்குத் தெரியும். பதறாதீர்கள்! அதையெல்லாம் மேடையில் சொல்ல மாட்டேன். தெருமக்கள் சங்கத்தின் தலைவியாகவும் என்னைத் தெரியும். இந்த மைதானத்தில் டிரெய்லர் நிறுத்தக் கூடாது என்று மனு மேல் மனு கொடுத்து, நகர மன்றத்தின் படிக்கட்டைத் தேய்த்தவள் நான். எனக்குத் தெரியாமல் அந்தப் படிக்கட்டில் ஒரு கல்கூடப் பெயர்ந்ததில்லை.

இன்று இங்கே என்ன முடிவாக வேண்டும்? டிரெய்லர்களை நிறுத்தி வைக்க இந்த மைதானத்துக்குக் கொடுத்த தற்காலிக அனுமதி முடிகிறது. அதை இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டிக்கலாமா, கூடாதா? இதுதான் கேள்வி. கேட்பதற்குச் சின்னக் கேள்வி. நீட்டி நிமிர்த்திப் பார்த்தால், அதன் அடியில் ஒரு மனிதன் கிடக்கிறான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டிரெய்லர் என்பது தலையில்லாத வண்டி. இழுத்துக்கொண்டு போகும் தலைவண்டியைக் கழற்றிவிட்டால், பின்னால் சக்கரமும் முன்னால் இரண்டு இரும்புக் கால்களுமாக அது நிற்கும். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அந்தக் கால்கள் தரைக்கு இறங்கும். தரை கெட்டியாக இருந்தால் கால் நிற்கும். தரை இளகினால்? மேலே ஏற்றிய சரக்குப் பெட்டியோடு அந்த உடம்பே சாயும். இவ்வளவுதான் இந்தத் தொழிலின் ரகசியம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். முக்காலியில் உட்கார்ந்த எவருக்கும் புரியும்.

துறைமுகத்தில் இடம் போதவில்லை என்று, முதன்முதலில் ஓர் ஆண்டுக்குத்தான் இங்கே வந்தார்கள். ‘ஒரே வருஷம், அப்புறம் பாருங்க, புல்லு மொளைச்சிரும்’ என்றார் அன்றைய அதிகாரி. ஓர் ஆண்டு, ஈராண்டாயிற்று. ஈராண்டு, பல ஆண்டாயிற்று. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதையாக, முதலில் மூக்கு வந்தது, பிறகு கழுத்து வந்தது, பிறகு நாங்கள் துணி காயப்போட்ட கொடிக்கம்பம் வரைக்கும் வந்தது. ஆனால் ஒட்டகத்தின் பெயர் மட்டும் மாறவே இல்லை. அதன் பெயர், தற்காலிகம்!

எங்கள் வீடுகளுக்குப் புழுதி வராமல் ஒரு மதில் கேட்டோம். தற்காலிக இடத்துக்கு மதில் எதற்கு என்றார்கள். ஓட்டுநர்கள் கண் தெரிய விளக்கு கேட்டார்கள். தற்காலிக இடத்துக்கு விளக்குக் கம்பம் எதற்கு என்றார்கள். மழைத்தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் கேட்டோம். தற்காலிகம். கால் ஊன்ற ஒரு காங்கிரீட் தரை கேட்டார்கள். அதற்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளமாக வந்தது: ‘நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. தரை போட்டால் அனுமதி ரத்தாகும்.’ ஐயா, தரை போடாததால் ஓர் உயிர் ரத்தானதே, அது எந்த நிபந்தனையில் வருகிறது?

அந்த உயிர் என் தம்பி.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். என் தம்பி இறந்த செய்திக்கு ஒரு கைதட்டல் விழுவதை அவன் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டாம்.

இந்த மைதானத்தில் அவனுக்கு ‘நிதானம்’ என்று பெயர். அவ்வளவு மெதுவாக ஓட்டுவான். ஆமை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும். என் கடைக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தான். ஆக, எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. கீழே நான் ‘டிரெய்லரே வெளியேறு’ என்று பதாகை தைத்துக்கொண்டிருப்பேன். மேலே அவன் டிரெய்லர் ஓட்டிய கால்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் நான் கோபத்தோடு கேட்டேன்: “உங்க வண்டிப் புழுதியில நான் தைக்கிற வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பாப் போகுதுடா. இதுக்கு என்ன சொல்றே?”

அவன் சிரிக்காமல் சொன்னான்: “பழுப்புதான் இப்ப புது ஃபேஷன்னு சொல்லி வித்துடேன் அக்கா.”

இன்னொரு நாள் நான் மனு எழுதிக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். “எழுதுக்கா, நல்லா எழுது. கையோட கையா, ‘தரை போடுங்க’ன்னும் ஒரு வரி சேத்துடு” என்றான்.

“நான் வெளியே போங்கன்னு எழுதறேன். நீ தரை போடச் சொல்றே. ரெண்டும் ஒரே மனுவில எப்படிடா வரும்?”

“போற வரைக்கும் நிக்கணும்ல அக்கா?” என்றான்.

போகிற வரைக்கும் நிற்க வேண்டும்! பெரியோர்களே, இதைவிடச் சுருக்கமாக இந்த வழக்கை எந்த வழக்கறிஞர் வாதாடுவார்?

நான் புதிதாகத் துணி வெட்டும் மேசை வாங்கியபோது, பழைய மேசையின் மேற்பலகையை அவன் கேட்டான். கெட்டி மரம். கத்தரி கீறிய கோடுகளும் அளவுகளும் நிறைந்த பலகை. நடுவில் ஒரு தழும்பு உண்டு. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்து ஒரு வாடிக்கையாளரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது சுட்டது. பெட்டியின் வடிவம் அப்படியே, கூர்நுனியோடு கருகி நிற்கும். அந்தப் பலகையை அவன் இரண்டாக அறுத்தான். தழும்பும் சரிபாதியாகப் பிரிந்தது. “ரெண்டு காலுக்கும் உன் முத்திரை பாதிப் பாதி. இனிமே என் வண்டி உன் பொறுப்பு” என்று சொல்லி எடுத்துப் போனான்.

ஏன் அறுத்தான்? இங்கே ஒவ்வோர் ஓட்டுநரும் இரண்டு பலகை வைத்திருப்பார். தரை போட அனுமதி இல்லாத ஊரில், தரையைக் கையோடு தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்! வண்டியை நிறுத்தினால் காலுக்கு அடியில் பலகை. கிளம்பினால் பலகை மறுபடியும் வண்டியில். இந்தப் பலகைகளுக்கு அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. எந்த மன்றமும் இயற்றாத சட்டம். பாரவண்டி வந்து, அந்த ஓட்டுநரிடம் பலகை இல்லையென்றால், காலி வண்டிக்காரர் தம் பலகையைக் கொடுத்துவிட வேண்டும். காலி வண்டி மண்ணிலேயே நிற்கும், பாரவண்டி நிற்காது. ‘காலி வண்டிக்குப் பலகை வேண்டாம்.’ வேலியோரம் நிற்கும் தோழர்களே, சரிதானே? தலையாட்டுகிறார்கள். அத்தனை பேரும் தலையாட்டுகிறார்கள்.

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பது ஊருக்கெல்லாம் பழமொழி. இவர்களுக்கு இல்லை. இவர்கள் தமக்கு மிஞ்சுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுகிறவர்கள். பல மழைக்காலம் அந்தச் சட்டம் சரியாகவே இருந்தது. கடந்த மழையில்தான் தவறாகிப்போனது.

விடாமல் பெய்த மழை. மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. என் தம்பி காலிப் பெட்டியோடு வந்து நின்றான். பின்னாலேயே ‘மீசை’ என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர், நிறைந்த பெட்டியோடு வந்தார். அவருடைய பலகை இரண்டும் முந்தின நாள் பிளந்துபோயிருந்தன. என் தம்பி கேட்காமலேயே தன் பலகைகளை எடுத்துப் போட்டான். மீசை தயங்கினார். “மண்ணு கூழா இருக்குடா” என்றார். “என்னுது காலி அண்ணே. உங்க வண்டி சாஞ்சா ஊரே எழுந்து வரும். வெச்சுக்குங்க” என்றான். இரண்டு பலகையையும் தன் கையாலேயே அவருடைய வண்டிக் காலுக்கு அடியில் சரிசெய்து வைத்தான். அப்புறம் திரும்பி வந்து, குனிந்து, தன் வண்டியின் கைப்பிடியைச் சுற்றினான். கால் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தலைவண்டியைக் கழற்றி முன்னே நகர்த்திவிட்டு, சரியாக நிற்கிறதா என்று பார்க்க அந்தக் காலடியில் குனிந்தான்.

காலிப் பெட்டிதான். ஆனால் காலிப் பெட்டியும் இரும்புதானே, ஐயா?

எனக்கு அழுகை வருகிறது. மறைக்கப் போவதில்லை. தண்ணீர் வேண்டாம், நன்றி. இதைத் தண்ணீர் குடித்து விழுங்க முடியாது.

காரியங்கள் முடிந்து கடையைத் திறந்த அன்று மீசை வந்தார். கையில் ஒரு துணி. “சட்டை தைக்கணும்” என்றார். எடுத்து வந்தது திரைச்சீலைத் துணி! அளவுநாடாவை எடுத்தேன். மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தபோது அந்த மார்பு குலுங்கியது. மலை மாதிரி இருக்கிற மனிதர்.

“அவன் பலகை என் வண்டிக்கு அடியில இருந்துச்சு அக்கா. என் வண்டி ஒரு நூலு அசையல” என்றார். “என்னை நாலு அடி அடிச்சாவது தொலைங்க.”

என் தம்பி கொடுத்ததை வாங்கிக்கொண்டது குற்றமா? நான் அளவைக் குறித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் அப்போது என் கைக்குத் தெரிந்த ஆறுதல். போகும்போது ஒரு பலகையை எடுத்து என் வாசலில் வைத்தார். “இன்னொன்னு அங்கேயே மைதானத்து வாசல்ல சாத்தி வெச்சிருக்கேன். ரெண்டையும் சேத்துத் தூக்க என்னால முடியல அக்கா” என்றார். அந்த ஒற்றைப் பலகையை என் தம்பி மனைவி மாடிக்கு எடுத்துப் போனாள். சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாள். “இன்னொன்னு எங்கே அண்ணி?” என்று அவள் இதுவரைக்கும் கேட்கவில்லை. நானும் இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. இன்றுதான் வருகிறேன்.

எனக்கு முன்னால் டிரெய்லர் நிறுவனத்தின் மேலாளர் பேசினார். நல்ல மனிதர். ‘துரதிருஷ்டவசமான நிகழ்வு’ என்றார். அடுத்த மூச்சிலேயே ‘இன்னும் ஓர் ஆண்டு தற்காலிக நீட்டிப்பு’ கேட்டார். ஐயா, துரதிருஷ்டம் வானத்திலிருந்து விழுமா? விழுந்தது மழை. மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. கெட்டித் தரையில் பெய்த மழை வாய்க்காலில் ஓடியது. இங்கே பெய்த மழை என் தம்பியைக் கொண்டுபோயிற்று.

என்ன? என்ன சொல்கிறீர்கள்? ‘மூடு, மூடு’ என்கிறீர்களா? கேட்கிறது. அந்தக் கோஷத்தை இந்தத் தெருவுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். ஆனால் கேளுங்கள். இன்று மூடினால் இந்த வண்டிகள் எங்கே போகும்? ஆவியாகப் போகுமா? ஊர்க்கோடியில் இன்னொரு சேற்று நிலம். அதற்கும் ஓர் ஆண்டு. அதற்கும் தரை கூடாது என்று ஒரு நிபந்தனை. அங்கேயும் காலி வண்டிக்காரன் பாரவண்டிக்காரனுக்குப் பலகையைக் கொடுப்பான். அங்கேயும் எதிர்வரிசையில் ஓர் அக்கா இருப்பாள். அவளுக்கு வரப்போகும் துக்கத்தை நான் இங்கிருந்து தள்ளிவிட்டேன் என்று வெற்றிவிழா கொண்டாடவா?

அக்கா கட்சி மாறிவிட்டாள் என்று மூன்றாவது வரிசையில் ஒரு முணுமுணுப்பு. இல்லை, தம்பி! வண்டிகள் போக வேண்டும் என்பதுதான் இன்றும் என் ஆசை. போகிற வரைக்கும் நிற்க வேண்டும் என்பது என் தம்பியின் ஆசை. அவன் சேர்க்கச் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் இன்று சேர்க்கிறேன்.

தலைவர் அவர்களே! ஆம் என்று சொல்லுங்கள், அல்லது இல்லை என்று சொல்லுங்கள். ஆம் என்றால், ஆண்மையோடு, இல்லை, அந்தச் சொல் வேண்டாம், மனிதத்தன்மையோடு ஆம் என்று சொல்லுங்கள். தரை போடுங்கள், விளக்குப் போடுங்கள், வாய்க்கால் வெட்டுங்கள், எங்களுக்கு மதில் கட்டுங்கள். புழுதியைத் தின்றுகொண்டாவது நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். இல்லை என்றால், தரை உள்ள இடத்துக்கு அவர்களை அனுப்பிவிட்டு இல்லை என்று சொல்லுங்கள். ஆமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல், ‘இன்னும் ஓர் ஆண்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வண்டி தற்காலிகம், அனுமதி தற்காலிகம், அதிகாரி தற்காலிகம். அங்கே உட்கார்ந்திருக்கிறாளே, அந்தப் பெண்ணின் தனிமை தற்காலிகமா? நாளைக் காலையில் இதே மண்ணில் குனிந்து கைப்பிடியைச் சுற்றப்போகிறாரே மீசை, அவருடைய முதுகெலும்பு தற்காலிகமா?

முடிக்கிறேன். மணி பார்க்க வேண்டாம், ஐயா.

நான் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். உங்கள் மேடையின் காலுக்கு அடியில் காவலாளி செருகிய அந்தப் பலகையைப் பாருங்கள். அவர்மேல் குற்றமில்லை. வாசலில் சாத்தியிருந்தது, அவசரத்துக்கு எடுத்து வந்தார். சேற்றில் பாதி புதைந்திருக்கிறது. ஆனால் வெளியே தெரிகிற ஓரத்தில் ஒரு கருந்தழும்பு இருக்கிறது, பாருங்கள். பாதி இஸ்திரிப் பெட்டி. கூர்நுனி இந்தப் பக்கம். மற்றப் பாதி எங்கள் மாடியில் இருக்கிறது.

எழுந்திருக்க வேண்டாம், தலைவரே. பதறாதீர்கள், உட்காருங்கள். நீயும் உட்காரம்மா, அழாதே. மீசை அண்ணே, நீங்களும் அதைத் தொட வேண்டாம்.

வண்டியில்லை, பெட்டியில்லை. ஐந்து பேரும் ஒரு மேசையும் ஏறிய மேடை. ஒரு கூட்டம் முடிகிற நேரத்துக்குக்கூட இந்த மண் உங்களைத் தாங்கவில்லை. அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் மேடையேறும்போது நினைத்தேன். என் பலகை, எனக்கு உரிமை உண்டு. ஆனால் என் தம்பியின் சட்டம் ஒன்று இருக்கிறதே! நான் இப்போது காலி. சொல்ல வேண்டியதையெல்லாம் இறக்கிவைத்துவிட்டேன். இன்று இங்கே பாரம் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நீங்கள். காலி வண்டிக்குப் பலகை வேண்டாம். நீங்கள் முடிவு சொல்கிற வரைக்கும் அது உங்கள் காலடியிலேயே இருக்கட்டும்.

சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நானும் என் தம்பி மனைவியும் வேலியோரம், அந்த ஓட்டுநர்களோடு காத்திருக்கிறோம்.

இடையில் எழுந்து போகாமல் இருந்த பெரியோர்களுக்கும், என்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், கைதட்டாமல் இருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. இந்த மண்ணில் குனிந்து வேலை செய்கிற ஒவ்வொருவரும் நிமிர்ந்து வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டு, வணங்கி விடைபெறுகிறேன்.